வாசல் கம்பத்தில் கவிழ்ந்த வாளி

சீசனில் எல்லோரும் குளிக்கக் குற்றாலம் போவார்கள். நான் போனது ஒரு லாட்ஜுக்கு வைஃபை போட. ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. மதுரையில் காலை ஐந்து மணிக்குப் பேருந்து, ஒன்பதேகாலுக்குத் தென்காசி. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய். தூரத்தில் பேரருவி வெள்ளையாகத் தெரிந்ததும் வந்த வேலையே மறந்துபோனது.

மேனேஜர் சுடலை அண்ணாச்சி. சமையல், அவர் மனைவி பேச்சியம்மா. வைஃபை பரப்பும் ஒன்பது ஆக்சஸ் பாயிண்ட் கருவிகளையும் மாட்டி, எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் ரிசப்ஷன் கன்ட்ரோலரில் சேர்த்து, 'மாடி', 'சமையல்', 'வாசல்' என்று பெயர் வைத்தேன். பேச்சியம்மா போனோடு மாடி மாடியாக நடந்து, "இங்கன நல்லா வருது, அங்கன இழுக்குது" என்று சொல்லச் சொல்ல, கன்ட்ரோலர் திரையில் அவர் போன் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அதிசயம்தான். 'பேச்சி போன்' என்றே அந்தப் போனுக்குத் திரையில் பெயரிட்டேன். ஒரு மணிக்கு அவர் தன் அக்காவோடு பேரருவிக்குக் கிளம்பினார்.

மூன்று மணிக்கு அருவியில் திடீர் வெள்ளம். கூட்டம் சாலையில் ஓடி வந்தது. பேச்சியம்மாவின் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. அண்ணாச்சி பத்து முறை அடித்துவிட்டார்.

"சார், உங்க மிஷின்ல அவ தெரியுதாளா?"

"வாசல் பக்கம் வந்தாலே தெரிஞ்சிரும் அண்ணாச்சி."

ஆனால் வாசல் கருவியில் ஒரு போன்கூட இல்லை. அறை எடுத்தவர்கள் வாசல் வழியாகத்தான் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கருவி இயங்குவதாகத் திரை சொன்னது. பவரைக் கூட்டினேன், சேனலை மாற்றினேன், பலனில்லை. வெளியே ஓடிப் பார்த்தால், கருவி மாட்டிய கம்பத்தின் மேல் எவர்சில்வர் வாளி கவிழ்ந்திருந்தது!

"சாரல் அடிக்குல்லா சார். கரண்டு சாமான் நனைஞ்சிருமேன்னு நான்தான்..." என்றார் பின்னாலேயே வந்த அண்ணாச்சி.

உலோக வாளிக்குள்ளிருந்து சிக்னல் எப்படி வெளியே வரும்? கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினேன். திரையில் ஐந்து போன், பன்னிரண்டு, இருபது. மூன்று இருபத்தெட்டுக்கு 'பேச்சி போன்'. "வந்துட்டாங்க அண்ணாச்சி!" என்று கத்தினேன்.

சொட்டச் சொட்ட நனைந்து பேச்சியம்மா உள்ளே வந்தார். "என்னங்க, எதுக்கு வாளியக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கிய?"

அண்ணாச்சி வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

குற்றாலம் போகிறவர்களுக்கு: மேலே மலை கறுத்தால் அருவியை விட்டு உடனே வெளியேறுங்கள். வாசலுக்கு மழை தாங்கும் கருவியையே வாங்குங்கள். அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால் பிளாஸ்டிக் வாளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மறுநாள் நான் கிளம்பும்போது அண்ணாச்சி ரிசப்ஷனில் குரலைத் தணித்துக்கொண்டு ஒன்று கேட்டார். "அந்த வாசல் கருவிக்கு மட்டும் பேரை மாத்திருங்க சார்."

இப்போது அதன் பெயர் 'பேச்சி'.