பார்க்காத சீட்டு

கவிழ்ந்து கிடக்கும் மூன்று சீட்டுகளின் மேல் வளையல் கை ஒன்று அழுந்தியிருக்கும். அவற்றை எடுத்துப் பார்க்காமலே கம்பவுண்டர் வீட்டு அக்கா மறு கையால் புளியங்கொட்டைகளை நடுவே தள்ளுவாள். எழுபதுகளின் மழைக்காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அந்தக் கைதான்.

கோயமுத்தூரை அடுத்த சித்தூர்ப் பக்கத்து வயல்காட்டில் பிறந்த நான், கல்யாணமாகி உடும்பஞ்சோலைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துக்குப் போனேன். கணவர் அங்கே கிளார்க். பக்கத்து வீடு கம்பவுண்டருடையது. அக்கா திருநெல்வேலிக்காரி. ஞாயிற்றுக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டால் இரண்டு வீட்டாரும் அவள் வீட்டில் மூணு சீட்டு ஆடுவோம். பந்தயம் புளியங்கொட்டைதான். சீட்டைப் பார்க்காமல் ஆடுகிறவர் ஒன்று வைத்தால், பார்த்தவர் இரண்டு வைத்தாக வேண்டும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே அக்கா எங்களை விரட்டியடித்தாள். நாம் யோசித்து முடிப்பதற்குள் அவளுடைய அடுத்த பிடி நடுவில் விழுந்திருக்கும். ஒருமுறை கையில் மூன்று ராஜாக்கள் இருந்தும் மிரண்டுபோய் நான் சீட்டைக் கீழே போட்டேன். பிறகு அவள் தன்னுடையதைத் திருப்பினால், ஒன்றுக்கும் உதவாத சீட்டுகள்.

"ஏனுங்க்கா, உங்களுக்குப் பயமே இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தாத்தானட்டி பயம்" என்றாள்.

அவள் பிறவியே அப்படி என்று நான் நினைத்துக்கொண்டேன். என் கணவர் நேர் எதிர். நல்ல சீட்டு வந்தால் அவருக்குக் காது சிவந்துவிடும்.

அடுத்த மழைக்காலத்தில், பிரசவத்துக்கு ஊருக்குப் போக நாள் பார்த்திருந்தபோதே எனக்கு வலி கண்டுவிட்டது. கம்பவுண்டர் வந்து பார்த்தார். குழந்தை குறுக்கே கிடக்கிறது, இது தன் கைக்கு அடங்காது, உடனே மலையிறங்கிப் போடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு ஜீப். மானேஜர் வேறொரு தோட்டத்துக்குப் போயிருந்தார். அவர் சொல்லாமல் வண்டியைத் தொட்டால் வேலை போய்விடும் என்று டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அதன் பிறகு நடந்ததைக் கணவர் பின்னால் சொன்னார். அக்கா அவரிடம் ஆபீசுச் சாவியை வாங்கிக்கொண்டு நேராக ஆபீசுக்குள் போனாள். சற்று நேரத்தில் வெளியே வந்து, "போன்ல ஐயாகிட்ட பேசியாச்சு. ஒடனே எடுக்கச் சொல்லுதாவ" என்றாள். மரம் விழுந்து போன் லைன் அறுந்துபோனது கணவருக்குத் தெரியும். காது சிவப்பதைக் காட்டாமலிருக்க அவர் குனிந்து ஜீப்பின் டயரைப் பார்த்தாராம். டிரைவர் அப்போதும் தயங்கினான். அக்கா திரும்ப ஆபீசுப் படியில் கால் வைத்து, "நீ வர மாட்டேங்கேன்னு திரும்பச் சொல்லட்டா?" என்றாள். அவன் ஜீப் சாவியை எடுத்தான்.

போடியில் வயிற்றைக் கீறித்தான் மகளை எடுத்தார்கள். இருவரும் பிழைத்தோம்.

தோட்டம் திரும்பிய மானேஜர் கம்பவுண்டர் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். "நான் எப்போ போன்ல பேசினேன்?" என்று கேட்டிருக்கிறார். அக்கா மழுப்பவில்லை. "லைன் இருந்திருந்தா நீங்க அதத்தான் சொல்லியிருப்பிய. அதான் நான் சொல்லிட்டேன்" என்றாள். அவர், என்ன குழந்தை என்று கேட்டுவிட்டுப் போனார்.

குழந்தையோடு திரும்பியபோது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உங்களைப்போல் எனக்குத் துணிச்சல் வராது என்றேன்.

"அன்னைக்கு மட்டும் சீட்டப் பாத்துட்டுத்தான் ஆடுனேன்" என்றாள். "கையில ஒண்ணும் கெடையாது. எங்க வீட்டு அவுகளுக்கு வேல போவும், இந்த வீடு போவும், எல்லாம் தெரியும். பயந்துக்கிட்டேதான் சொன்னேன்ட்டி."

பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடினோம். அக்கா முன்போலவே விரட்டினாள், நானும் முன்போலவே பணிந்தேன். ஆனால் அவளுக்குப் பயமில்லை என்று அதற்கப்புறம் நான் நினைத்ததில்லை.

இப்போது அந்த மலைக்கு நல்ல சாலை இருக்கிறது, கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வருகிறது. என் மகளின் பிரசவமோ இருபது வருஷத்துக்கு முன், கோயமுத்தூரில், பெரிய ஆஸ்பத்திரியில். உள்ளே அவளைக் கொண்டுபோய் வெகுநேரம் ஆகியும் சேதி இல்லை. வெளியே மருமகன் முகம் வெளுத்து நின்றார். உள்ளே என்ன நடக்கிறதென்று எனக்கும் தெரியாது, பயம்தான். ஆனாலும் அவரைப் பார்த்து, "ஒண்ணும் ஆகாதுங்க மாப்பிள்ளை, எனக்குத் தெரியும்" என்றேன். அவர் நம்பி உட்கார்ந்தார்.