மருதமுனைக் கேற்றில் ஒன்பது நிமிடம்

வெள்ளிக்கிழமை, காலை 7.20. மட்டக்களப்பு பஸ் நிலையம்.

கல்முனை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கட்டணம் 190 ரூபா, தூரம் ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். முதல்நாள் கொழும்பிலிருந்து ரயிலில் வந்து இறங்கியதில் இடுப்பு இன்னும் என்னோடு சமாதானமாகவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் எங்கே பயணம் என்று விசாரித்தார். ஒருவர் பாஸ் கிற்றார் வாசிப்பதைக் கேட்கப் போகிறேன் என்றேன். கலியாண வீடா என்றார். இல்லை, சும்மா கேட்கத்தான் என்றேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, களுவாஞ்சிகுடி வரைக்கும் நித்திரை கொண்டார்.

வாசகர்களுக்காவது ஒழுங்கான விளக்கம் தர வேண்டும். புறோகிறசிவ் றொக் என்றொரு சங்கீதம் உண்டு. ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும். தாளம் நாலில் நிற்காது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று கோணிக்கொண்டு போகும். நான் அதைப் போட்டால் வீட்டில் உள்ளவர்களுக்கு உடனே வெளியே ஏதாவது அலுவல் வந்துவிடும். அதிலும் எனக்குப் பிடித்தவர் பாடகரோ முன்னால் நிற்கும் கிற்றார்காரரோ அல்ல. பின்னால் நான்கு தடித்த கம்பிகளோடு நிற்கும் பாஸ்காரர். சாதாரணப் பாட்டில் அவர் உள்பாவாடை மாதிரி. இருப்பது தெரியாது, இல்லாவிட்டால்தான் தெரியும். இந்தச் சங்கீதத்தில் அந்த மனிதர் அந்த வேலையை விட்டுவிட்டு வீடு கட்டத் தொடங்குகிறார். ஒருவர் இரும்பு வாளியை உருட்டுவதுபோல் கம்பியை அடித்து, பாட்டு முழுவதையும் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போவார். ஒருவர் வாசிக்காமல் விடும் இடங்களாலேயே வாசிப்பார். இன்னொருவர் கையால் பாஸ், வாயால் பாட்டு, காலால் மிதிகட்டை என்று மூன்று உத்தியோகம் பார்ப்பார்.

இவர்களைப் பற்றி ஒரு சிறுபத்திரிகையில் பத்துப் பக்கம் எழுதினேன். 'இப்படிக் கை ஒரு கணக்கும் கால் ஒரு கணக்குமாகப் போக நம் நாட்டில் யாருக்கு முடியும்?' என்று பெருமூச்சோடு முடித்திருந்தேன். இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, பத்திரிகையை இனி அனுப்ப வேண்டாம் என்று ஆசிரியருக்கு வந்தது. மற்றது மின்னஞ்சலில், மருதமுனையிலிருந்து. றஸ்மி என்பவர் எழுதியிருந்தார்: "சேர், நீங்க எழுதின மிதிகட்டைக்காரர் கெட்டிக்காரர்தான். ஆனா கை ஒரு கணக்கு, கால் ஒரு கணக்கு எண்டுறது எங்கட ஊர்ல அதிசயமில்ல. தறி இரிக்கிற வீடெல்லாம் அதுதான் நடக்கிது. வந்து பாருங்க."

கூடவே ஒரு ஒலிப்பதிவையும் இணைப்பாக அனுப்பியிருந்தார். நாற்பது வினாடி. அதைப் பதினேழு தடவை கேட்டுவிட்டு ரயிலுக்கு இடம் பதிந்தேன்.

காலை 9.05. கல்முனை.

மட்டக்களப்பிலிருந்து வருகிறவனுக்கு மருதமுனை முதலில் வரும், கல்முனை பிறகு வரும். இது வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது. நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே மருதமுனையைக் கடந்து கல்முனையில் இறங்கினேன். ஓட்டோவில் பாண்டிருப்பு வழியாக நாலு கிலோமீற்றர் திரும்பி வர 400 ரூபா. மருதமுனையில் எந்த றஸ்மி என்று சாரதி கேட்டார். பாஸ் வாசிக்கும் றஸ்மி என்றேன். அப்படி ஒருவரை அவருக்குத் தெரியாது. தறி திருத்தும் றஸ்மி என்றதும், "மெசின் றஸ்மியா? அதச் சொல்லுங்களன்," என்று நேரே கொண்டுபோய் வாசலில் விட்டார்.

ஒடுங்கிய ஒழுங்கைக்குள் திரும்பும்போதே சத்தம் தொடங்கிவிட்டது. டக்கடக் டக்கடக் என்று ஒரு தறி, அதற்கு அரை அடி பிந்தி இன்னொன்று. றஸ்மி வாசலுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும்; நகக்கண்ணில் கிறீஸ். சத்தத்துக்கு மேலாக, "வாங்க சேர், நல்ல நாளாப் பாத்துத்தான் வந்திரிக்கீங்க," என்று கத்தினார்.

நல்ல நாளின் விபரம் தேநீரோடு வந்தது. நாலு பேர் கொண்ட ஒரு குழு. டிரம்ஸ்காரர் பின்லாந்தில், மற்ற மூவர் மூன்று வேறு நாடுகளில். ஆளை ஆள் நேரில் கண்டதில்லை. அவர்களுடைய பாஸ்காரர் விலகிவிட்டார். புதிய ஆளுக்காக ஒன்பது நிமிடப் பாட்டு ஒன்றை மூன்று பேருக்கு அனுப்பி, வாசித்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மூவரில் ஒருவர் றஸ்மி. வயரை நேரே கணினிக்குள் செருகிப் பதிந்தது ஆகாது. ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் மைக் வைத்துப் பதிந்த உயிருள்ள சத்தம்தான் வேண்டும். கடைசி நாள் இன்று.

சிக்கல், மதிலுக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு மனைவியுடையது. மதிலுக்கு அப்பால் இருக்கும் தறிச்சாலை மனைவியின் வாப்பாவுடையது. சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று மாமாவிடம் சொல்லக்கூடிய மருமகன் இந்தக் கரையில் இன்னும் பிறக்கவில்லை. மற்றக் காலங்களில் வெள்ளிக்கிழமை முழுநாளும் தறிக்கு ஓய்வு. இப்போது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உடுக்கும் சாறனுக்கு ஓடர். இரவும் பகலும் ஓடுகிறது. ஜும்ஆத் தொழுகைக்காக வெள்ளி பதினொன்றரைக்கு நிற்கும். பள்ளியில் தொழுகைக்குப் பாங்கு சொல்வது பன்னிரண்டு ஒன்பதுக்கு. கிழமையில் அந்த நாற்பது நிமிடத்துக்குள் ஒன்பது நிமிடம் வேண்டும். முதல் வெள்ளி, பக்கத்து வீட்டு ஆடு கத்தியது. இரண்டாம் வெள்ளி, பள்ளி ஒலிபெருக்கியில் மையத்து அறிவித்தல்; ஊரில் ஒரு மரணம். மௌத்தானவர் மாமாவின் சொந்தம் என்பதால் அதுபற்றிக் குறைசொல்லவும் வழியில்லை.

பிழையாகிப்போன இடத்தை மட்டும் திரும்ப வாசித்து ஒட்டலாமே என்றேன். முப்பத்தைந்து வருடம் இசை கேட்டவனின் ஆலோசனை.

"ஒட்டலாம் சேர். சாறன்லயும் இழை அறுந்தா முடிச்சுப் போடலாம். ஆனா அது செக்கன்ட் குவாலிற்றி. நான் செக்கன்ட் அனுப்ப மாட்டன்."

காலை 10.15. தறிச்சாலை.

ஒரு தறியில் ஏதோ கோளாறு என்று றஸ்மியைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். அவர் தறியைக் கழற்றவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் சட்டத்தில் உள்ளங்கையை வைத்தார், கண்ணை மூடினார், கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு நட்டைக் காட்டி இறுக்கச் சொன்னார். இந்தச் சத்தத்துக்குள் எப்படிக் கேட்கிறது என்று விசாரித்தேன். கேட்கிறதில்லை, காது இங்கே உதவாது என்றார்; கையால்தான்.

நான்கு தறிகள் நாலு கதியில் ஓடின. ஒன்றையொன்று முந்தி, பிந்தி, எப்போதாவது ஒருமுறை நாலும் ஒரே அடியில் விழுந்து, உடனே பிரிந்தன. எந்த மேதைகளைப் பற்றி நான் பத்துப் பக்கம் எழுதினேனோ, அவர்களுடைய கணக்கு இங்கே சாறனாக வந்து விழுந்துகொண்டிருந்தது. பதினாறு வயதில் கைத்தறி மிதிக்கத் தொடங்கியவர் றஸ்மி. பாஸ் பிறகு வந்தது. கால் முதலே படித்து முடித்திருந்தது.

மாமா, வெள்ளைத் தொப்பியும் சாறனுமாக ஒரு கதிரையில் இருந்தார். மருமகனின் வாசிப்பு எப்படி என்று கேட்டேன். "எனக்கு அது விளங்காது தம்பி," என்றார். "மெசின் திருத்துறது நல்லா."

காலை 11.25.

தறிகள் நின்றன. ஐந்து நிமிடம் முந்தி. றஸ்மி மணிக்கூட்டைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், முன்னறைக்கு ஓடினார்.

முன்னறையில் பாஸ், பெட்டி, மைக். மின்விசிறியை நிறுத்தினார். மனைவி சஜீனா குளிர்சாதனப் பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உம்மாவின் அறைக்குப் போனார். எனக்கு மூலையில் ஒரு கதிரை. மற்ற வாத்தியங்கள் றஸ்மியின் காதுக்குள் ஓடின. எனக்கு வெறும் பாஸ் மட்டும்.

நான் நிறையக் கேட்டிருக்கிறேன். இதுபோல் கேட்டதில்லை. ஏழு அடியில் ஒரு நடை, அதன் அடியில் வலது கால் வேறொரு கணக்கில் நிலத்தை மிதிக்கிறது, அங்கே மிதிகட்டை எதுவும் இல்லை. ஐந்தாம் நிமிடத்தில் நடை பதின்மூன்றாகியது. எங்கே மாறியது என்று நான் விரல்விட்டு எண்ணிப் பிடிப்பதற்குள் திரும்பவும் மாறியது. எட்டாம் நிமிடத்தில் எல்லாம் இறங்கி வந்து முடிய வேண்டிய சுரத்தில் அவர் இறங்கவில்லை. ஒரு முழுத் தாள வட்டம் வாசிக்காமல் சும்மா விட்டார். பிறகு யாரும் எதிர்பாராத இடத்தில், அரைச் சுரம் கீழே, மெதுவாகக் கால் வைத்தார்.

"அட!" என்றது ஒரு குரல்.

அந்தக் குரல் என்னுடையது. பாஸ் நின்றது. மைக்குக்கு மேலிருந்த சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் தொடர்ந்து எரிந்தது. ஆடு கத்தியதற்கு மன்னிப்பு உண்டு. அது பத்துப் பக்கம் எழுதியதில்லை.

றஸ்மி காதிலிருந்ததைக் கழற்றினார். கோபிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமலிருந்தது. "நல்ல இடத்திலதான் சேர் ரசிச்சீங்க," என்றார்.

நேரம் 11.40. இன்னொரு முறைக்கு இடம் உண்டு, அதற்கு மேல் இல்லை. நானாகவே எழும்பினேன். வெளியே போய் ஒழுங்கையைக் காவல் காக்கிறேன் என்றேன். அவர் மறுக்கவேயில்லை. கம்பிகளைச் சுருதி பார்க்கத் தொடங்கினார்.

காலை 11.48. ஒழுங்கை.

தகரக் கேற்றுக்கு வெளியே வெயிலில் நின்றேன். உள்ளே தொடங்கிவிட்டார் என்று ஊகித்தேன். வெளியே ஒன்றும் கேட்கவில்லை. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. இருநூற்றுச் சொச்சம் மைல் வந்து, கேட்க வந்ததைக் கேட்காமல் நிற்பதற்கு நான் மட்டுமே காரணம்.

மூன்றாம் நிமிடம், ஒழுங்கை முனையில் ஒரு மோட்டார் சைக்கிள் திரும்பியது. பின்னால் மீன்பெட்டி. கைப்பிடியில் றப்பர் ஹோண். அதன்மேல் கை. நான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். இந்த வயதில் நான் கடைசியாக ஓடியது எதற்கென்று ஞாபகமில்லை. இவ்வளவு நல்ல காரணத்துக்கு அல்ல.

மீன்காரர் இஞ்சினை நிறுத்தினார். "என்ன, மையத்தா?" என்றார் தணிந்த குரலில்.

"இல்ல. உள்ள பாட்டுப் பதியிறாங்க."

அவர் காதைக் கொடுத்தார். "ஒண்டும் கேக்கல்லியே."

"பாஸ். அது வெளிய கேக்காது."

"கேக்காத பாட்டுக்கா நான் ஹோண் அடிக்காம நிக்கிற?" என்றார். ஜும்ஆவுக்கு முந்தி மீனை முடித்துக் குளிக்க வேண்டிய மனிதரின் நியாயமான கேள்வி. பெட்டியில் மிஞ்சியிருந்த கீரிமீன் ஒன்றரைக் கிலோவையும் நானே வாங்குகிறேன் என்றேன். அதன்பிறகும் அவருக்குத் திருப்தியில்லை. என்னதான் நடக்கிறது என்று அறிய வேண்டும். உலகத்துப் பாஸ் மேதைகளைப் பற்றிக் கிசுகிசுப்பாகத் தொடங்கினேன். என்னுடைய பத்துப் பக்கத்தில் ஒரு வரி கூட அவர் முகத்தில் ஒட்டவில்லை. வேறு வழி தெரியாமல், காலையில் தறியில் பார்த்ததுபோல, உள்ளங்கையைத் தகரக் கேற்றில் வைத்தேன்.

அங்கே இருந்தது. முழுவதும் இருந்தது. ஏழு, பிறகு பதின்மூன்று. தகரம் உள்ளங்கைக்குள் நடந்துகொண்டிருந்தது. "கைய வெச்சுப் பாருங்க," என்றேன்.

செதில் ஒட்டிய கையை அவர் என் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஓம்," என்றார் பிறகு. "ஆரு, மெசின் றஸ்மியா?"

தலையாட்டினேன். கை எடுக்காமல் நின்றார். எட்டாம் நிமிடத்தில் தகரம் அசையாமல் நின்றது. அந்த முழு வட்டம். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பழுதாகிவிட்டதோ என்று கண்ணால் கேட்டார். பொறுங்கள் என்று சைகை செய்தேன். பிறகு, அரைச் சுரம் கீழே, மெதுவாக, தகரத்தில் அது கால் வைத்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். "மாஷா அல்லாஹ்," என்றார் மீன்காரர், உதடு மட்டும் அசைய. எனக்கு வராத மரியாதை அவருக்கு முதல் தடவையிலேயே வந்துவிட்டது.

11.57. கேற் ஓய்ந்தது. றஸ்மி கதவைத் திறந்து வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "முடிச்சில்லாம வந்திரிக்கி சேர்," என்றார். மீன்காரர் மீனைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, சந்தி வரைக்கும் ஹோண் அடிக்காமலே போனார்.

சனிக்கிழமை, காலை 8.30.

கீரிமீன் வெள்ளி மத்தியானமே குழம்பாகி முடிந்தது. ஒலிப்பதிவு பின்னேரம் போய்ச் சேர்ந்தது. பதில், சனி காலை நாங்கள் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்தது. டிரம்ஸ்காரர் ஒரே வரி எழுதியிருந்தார்: மற்ற இருவருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டோம், அடுத்த ஒன்பது பாட்டுகள் வருகின்றன.

றஸ்மி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, கையைக் கழுவப் போனார். கழுவி முடிக்க வெகுநேரம் எடுத்தது. சஜீனாதான் மதிலடிக்குப் போய் வாப்பாவிடம் சொன்னார். தறிச் சத்தத்துக்குள் அவருக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மாமா வாசல் வரைக்கும் வந்தார்.

"ஒம்பது பாட்டு எண்டா ஒம்பது வெள்ளியா?"

"ஓம் மாமா," என்றார் றஸ்மி.

மாமா கொஞ்சம் யோசித்தார். ஓடரை யோசித்தாரோ என்னவோ. "அப்ப பதினொண்டேகாலுக்கு நிப்பாட்டுவம்," என்றார். திரும்பிப் போகும்போது என்னைப் பார்த்து, "தம்பி, அடுத்த வெள்ளி நீங்க இரிக்க மாட்டீங்கதானே?" என்றும் விசாரித்துக்கொண்டார். 'அட!' செய்தி மதிலைத் தாண்டியிருக்கிறது.

9.40க்கு மட்டக்களப்பு பஸ். சந்தியில் ஏற்றிவிட வந்தவர் நேற்றைய ஓட்டோச் சாரதிதான். இன்று காசு வாங்க மறுத்துவிட்டார். "பாஸ் றஸ்மிட வீட்டுக்கு வந்த ஆளிட்ட எப்பிடி வாங்கிற?" என்றார்.

கொழும்பில் என்னிடம் முந்நூறு இசைத்தட்டுகளும், காரின் விலைக்குக் கொஞ்சம் குறைவான இரண்டு ஸ்பீக்கர்களும் உண்டு. வந்த அன்றே, அந்தக் கட்டுரைக்காக முன்பு போட்டு வைத்திருந்த பத்து மேதைகளின் பட்டியலை எடுத்து, பதினோராவது வரியில் ஒரு பெயரை எழுதினேன். பிறகு மேதைகளில் ஒருவரை உரக்கப் போட்டுவிட்டு, வெளியே போய், எங்கள் வீட்டுக் கேற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். அது அசையவில்லை. நல்ல தடித்த இரும்பு. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, கேற்றின் திறப்பைத் தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார்.