பிரிக்காத பொட்டலம்

பிஸ்கட் பொட்டலத்தின் மூலையை மட்டும் நகத்தால் கிள்ளி, ஒன்றை உருவிக்கொண்டு, வாயை மடித்து ரப்பர் வளையம் இடுகிறார் மெர்லின். மரக்காணம் உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் கணினி இவர் பொறுப்பு. கோப்புகளையும் இப்படித்தான் ஆள்கிறார். சுருக்கிக் கட்டிய ‘ஜிப்’ கோப்பைப் பிறர் பிரிப்பார்கள், திருத்துவார்கள், மறுபடி கட்ட மறந்து பழையதையே அனுப்பியும் விடுவார்கள். மெர்லின் பிரிப்பதே இல்லை. கட்டியபடியே டெக்ஸ்ட் எடிட்டரில் திறக்கிறார். திருத்திச் சேமித்ததும் அது தானே சுருங்கிக்கொள்கிறது.

“பிரிச்சா ஒண்ணு ரெண்டாயிடும். அப்புறம் எது நெசம்னு மண்டைய ஒடச்சிக்கணும்.”

உப்பு விளையும் மற்றொரு கரையான மறைக்காட்டில், தேவாரம் பாடிய காலத்தில் கோயிற்கதவு திறக்க ஒரு பதிகமும் அடைக்க ஒரு பதிகமும் வேண்டியிருந்தன. இவருக்கு விசைகள் இரண்டு போதும்.

அன்று மாலை நாலரை. தொழிலாளர் அடையாள அட்டைக்கான பட்டியல் ஐந்துக்குள் அரசு அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். அட்டை இல்லாதவருக்கு, உப்பளம் மூடிக்கிடக்கும் மழைமாதங்களுக்கான உதவிப்பணம் இல்லை. முழங்கால்வரை உப்பு வெளுத்திருக்க, பாவாடை என்பவர் மூச்சிரைக்க வந்து நின்றார். தெய்வத்தின்முன் விரித்து அமுது படைக்கும் துணியின் பெயர் அது. இப்பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு இடுவார்கள். வெளியூரில் தட்டச்சிட்டவரோ மகளிர் உடுப்பென்று எண்ணி, பாவாடைகள் பதினொருவரையும் ‘பெண்’ ஆக்கியிருந்தார்.

“இம்மாம் பெரிய மீசைய வச்சிக்கினு நான் பொம்பளைன்னா எவன்மா நம்புவான்?”

“இருங்க பெரிப்பா, ஒரே தட்டுல பதினோரு பேருக்கும் மீசை வச்சிடுறேன்!”

பாவாடை என வரும் வரிகளிலெல்லாம் ‘பெண்’ணை ‘ஆண்’ ஆக்கும் ஆணையைத் தட்டினார். திரை இமைத்தது. எட்டிப் பார்த்த பாவாடை அலறினார்.

“அடிப்பாவி! எம்பொண்ணு அமராவதிக்குமா மீசை?”

அமராவதியும் உப்பளத்தில் வேலை செய்பவள்; அவள் வரியில் தந்தை பெயராகப் பாவாடை நின்றது.

“ஐயோ மாதாவே! பயப்படாதீங்க, இன்னும் சேவ் பண்ணல.”

ஒரு விசை, எல்லாம் பழையபடி. வரியின் தலையில் நிற்கும் பாவாடைக்கு மட்டுமே ஆணை செல்லுமாறு முன்னே ஒரு சிறு குறியைச் சேர்த்து, மறுபடி தட்டினார். பதினொருவர் ஆண், அமராவதி பெண். சேமித்தார். கட்டு அவிழாமலே கோப்பு இறுகியது. ஐந்துக்கு ஆறு நிமிடம் இருக்கையில் புறப்பட்டது.

“போயிடுச்சா?”

“போய்ச் சேந்துடுச்சி பெரிப்பா!”

மெர்லின் ரப்பர் வளையத்தைக் கழற்றி எறிந்தார். பிஸ்கட் பொட்டலத்தை நெடுகக் கிழித்து, பாவாடையின் முன்னே விரித்து வைத்தார்.