ஐந்து பட்டதாரிகளுக்கு ஒரே கோட்டு

தையல்காரனிடம் பொய் சொல்லிப் பயனில்லை. அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொள்கிறவரை அடுத்த வாரமே பேண்ட் காட்டிக் கொடுத்துவிடும். ஓசூரில் பேக்டரி ஆட்களுக்கு யூனிஃபார்ம் தைத்தே என் காலம் போனது. நான் படித்தது ஆறாம் வகுப்பு. மகளை மேலே படிக்க வைக்கப் புறப்பட்டபோது நான் பட்ட பாடு, பிள்ளைகளைப் பெற்ற உங்களுக்கு நான் சொல்லாமலே புரியும்.

என்னைத் தெரியாத தரகர்

எழுபதுகளில் ஓசூருக்கு பேக்டரிகள் வர ஆரம்பித்த சமயம், எங்கள் ஊர் நாட்றாம்பாளையத்துக்கு ஒரு தரகர் வந்தார். கம்பெனியில் நிரந்தர வேலை, ஆனால் முதலில் மூன்று மாத டிரெயினிங், அதற்குத் தனிக் கட்டணம் என்றார். அப்பா உழவு மாட்டை விற்றுக் கொடுத்தார். டிரெயினிங் என்பது என்னவென்றால், ஒரு கொட்டகையில் பழைய லேத் மிஷின் ஒன்றைச் சுற்றி நாற்பது பேர் நின்று பார்ப்பது. தொடக்கூட விடவில்லை. மூன்றாம் மாதம் லேத்தும் இல்லை, தரகரும் இல்லை. ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டு, ஒரு தையல் கடையில் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கச் சேர்ந்தேன்.

பத்து வருஷம் கழித்து அதே மனிதர் சட்டை தைக்க என் சொந்தக் கடைக்கு வந்தார். கழுத்து பதினாறரை. டேப் அவர் கழுத்தைச் சுற்றியிருந்தபோது என் மனதில் ஓடியதை இங்கே எழுத முடியாது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உன்னை எங்கயோ பாத்திருக்கேன்பா. எந்த பேக்டரில வேலை செஞ்சே?"

உள்பாக்கெட்

ஒருவருடைய சம்பளத்தை வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. பேண்ட் இடுப்பில் உள்பாக்கெட் வைக்கச் சொல்கிறாரா என்று பார்த்தால் போதும். பெர்மனென்ட் ஆனவர் முதல் மாதமே கேட்பார், பஸ்ஸில் பிக்பாக்கெட் பயம். கான்ட்ராக்ட் ஆள் கேட்கவே மாட்டார்.

தொண்ணூறுகளின் கடைசியில் என் மகள் கவிதா பிளஸ் டூ முடித்தாள். பேண்ட் துணி சுற்றி வரும் அட்டைகளில்கூட ஓரம் விடாமல் படம் வரைகிற பெண். பெங்களூரில் மல்டிமீடியா டிகிரி படிக்கப் போகிறேன் என்றாள். அது என்ன என்று கேட்டதற்கு, "படம் வரைஞ்சு அதைக் கம்ப்யூட்டர்ல நடக்க வைக்கிறதுப்பா" என்றாள். மூன்று வருஷக் கட்டணத்துக்கு, தேன்கனிக்கோட்டை ரோட்டில் நான் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்க வேண்டும். எங்களுக்கு அதைத் தவிர வேறு சொத்து கிடையாது. அதனால் கடைக்கு வந்தவர்களையெல்லாம் விசாரித்தேன். அந்தப் படிப்புக்கு உள்பாக்கெட் வைக்கிற சம்பளம் வருமா என்பதுதான் என் கேள்வி. சேலத்துக்கார சூப்பர்வைசர் ஒருவர் நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்க கம்பெனில அதுக்கு வேலையே கெடையாதுங்க. ஆனா எங்க மொதலாளி பையன் அதைத்தான் படிக்கிறான்."

கோட்டு

விஷயம் எப்படியோ காற்றில் போய், பெங்களூர் காலேஜ் ஆள் ஒருவர் கடைக்கே வந்துவிட்டார். பாதி கன்னடம், பாதி தமிழ். கவிதா வரைந்த அட்டைகளைப் பார்த்து வாயைப் பிளந்தார். அவற்றைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை நான் கவனித்தேன். டிகிரி கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டேன். இங்கிலீஷில் நீளமாகப் பதில் சொன்னார். மூச்சு வாங்கும்போது வழவழ தாளில் அச்சடித்த புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். படித்து முடித்து வேலையில் சேர்ந்த ஐந்து பேர், ஐந்து போட்டோ, ஒவ்வொன்றின் கீழும் நம்ப முடியாத சம்பளம்.

எனக்கு முகங்கள் தெரியவில்லை, கோட்டு தெரிந்தது. ஐந்து பேரும் போட்டிருந்தது ஒரே கோட்டு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் பாஷா பாய்க்கு நான் தைத்துக் கொடுத்தது. இடது காலரில் காஜாவை ஒரு விரல் கீழே தவறாக எடுத்துவிட்டேன், பாய் பெரிய மனதாக வாங்கிக்கொண்டார். ஒரு தையல்காரன் தன் தப்பை எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவான்.

ஆளை அனுப்பிவிட்டு, "ஐந்தும் போலி" என்றேன். கவிதா விடவில்லை. "ஸ்டுடியோ கோட்டை ஊரே போடுதுப்பா. போன வருஷம் உன் கல்யாண நாளுக்கு எடுத்த போட்டோவுலகூட அதான். அப்ப நீ போலியா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதனால் எனக்குக் கோபம் அதிகமானது. பாஷா பாயிடமே போய்க் கேட்டேன். அவர் சிரித்தார்: "எந்தக் காலேஜ், என்ன சம்பளம், எனக்கென்ன தெரியும் அண்ணே? முதுகுல கிளிப்பு போட்டு இழுத்தா யாருக்கும் அளவு சரியாயிடும். மூஞ்சி மட்டுந்தான் மாறும்."

மூன்றாவது போட்டோ

அடுத்த வாரமே புத்தகத்தின் மூன்றாவது போட்டோ என் கடைக்குள் நடந்து வந்தது. வேப்பனப்பள்ளி மஞ்சுநாத். கான்ட்ராக்ட் யூனிஃபார்ம், இரண்டு செட். உள்பாக்கெட் கேட்கவில்லை.

புத்தகத்தை எடுத்து அவன் முன்னால் போட்டேன். பையன் சிவந்துபோனான். "படிச்சது நெசந்தாங்க, அந்தச் சம்பளம்தான் பொய்" என்றான். மூன்று வருஷத்தில் பாதி நாள் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று பார்த்தார்களாம். எனக்கு அந்த லேத் ஞாபகம் வந்தது. இப்போது அவனுக்கு முகூர்த்த மாசங்களில் கல்யாண வீடியோ எடிட்டிங், ஆடியிலும் மார்கழியிலும் பேக்டரி. படிப்புக்காக வீட்டில் விற்ற மாந்தோப்பைத் திரும்ப வாங்குவதற்குள் தனக்குத் தலை நரைத்துவிடும் என்றான்.

பட்டன் தைத்துக்கொண்டிருந்த கவிதா ஊசியை நிறுத்திக் கேட்டாள். "அண்ணா, மறுபடியும் மொதல்லேருந்து படிக்கச் சொன்னா, என்ன படிப்பீங்க?" அவன் அவள் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான், நேராகப் பிடித்து. பிறகு சொன்னான்: "கவர்மெண்ட் ஓவியக் காலேஜ்ல போய் வரையப் படிச்சிருப்பேம்மா. கம்ப்யூட்டரை அப்புறம் கத்துக்கலாம். எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு வரையவே வராது. கட்டிங் தெரியாம மிஷின் வாங்கின டெய்லர் மாதிரிதான் நாங்க."

குறைந்த கட்டணம்

கவிதா ஓவியக் காலேஜுக்கு விண்ணப்பம் வாங்கி, மெட்ராஸ் போய்ப் பரீட்சை எழுதினாள். இடமும் கிடைத்தது. கட்டண விவரம் தபாலில் வந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தேன். ஒரு வருஷக் கட்டணம் என் ஒரு வாரத் தையல் கூலிக்குள் அடங்கியது. மனையை விற்க வேண்டாம். நியாயமாக எனக்குத் தூக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு குறைவாகக் கேட்கிறார்கள் என்றால் எங்கேயோ ஒரு கொக்கி இருக்க வேண்டும். தாளைத் திருப்பிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், முத்திரையை நகத்தால் சுரண்டியும் பார்த்தேன்.

கவிதா தாளை என் கையிலிருந்து பிடுங்கினாள். "அதிகமாக் கேட்டா திருடன்ங்கறே. கொறைச்சலாக் கேட்டா அவனைவிடப் பெரிய திருடன்ங்கறே. உன்னை ஏமாத்துனவன் ஒருத்தன்பா, அவனுக்காக நான் எத்தனை வருஷம் பட்டன் தைக்கிறது?"

அவள் கிளம்பும் முன் அவளுடைய சுடிதாருக்கு உள்பாக்கெட் வைத்துக் கொடுத்தேன். யாரையும் நம்பாத நான் நம்பி அனுப்பின ஒரே பணம் அதில்தான் போனது, அதற்கும் இரட்டைத் தையலும் இரண்டு பட்டனும் போட்டுத்தான் அனுப்பினேன்.