முதுகு அளவு

எண்பதுகளின் தொடக்கத்தில் பாகூர் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தையல் டீச்சர். கோபக்காரி. புதுச்சேரியில் நடக்கவிருந்த உடை அலங்காரக் கண்காட்சிக்குப் பத்தாம் வகுப்பை அழைத்துப்போக இரண்டு உத்தரவு போட்டேன். எல்லாரும் தாங்களே தைத்த ஒரே நிற ரவிக்கையில் வர வேண்டும். அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். வாங்காதவர்கள் தினமும் வகுப்பில் முட்டி போட வேண்டும்.

கலைச்செல்வி மூன்று நாள் முட்டி போட்டாள். வகுப்பிலேயே நன்றாகத் தைப்பவள் அவள். அதனாலேயே எனக்கு ஆத்திரம்.

நான்காம் நாள் ரவிக்கைக்கு அளவெடுத்தேன். முதுகில் டேப்பை வைத்ததும் துள்ளி விலகினாள்.

"நேரா நில்லுடி!"

"வேணாம் டீச்சர். நான் வரல."

மர ஸ்கேலை எடுத்து முதுகிலேயே ஓங்கி இரண்டு போட்டேன். அவள் கத்தவில்லை. ஆனால் வெள்ளை ரவிக்கையில் சிவப்பு ஊறி வந்தது. ஸ்கேல் அடிக்கு அப்படி ரத்தம் வராது.

தாவணியை விலக்கி, ரவிக்கையை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். மாட்டுச் சாட்டையின் வரிகள், ஒன்றின்மேல் ஒன்றாக.

"இன்னாடி இது?"

"அப்பாகிட்ட கையெழுத்து கேட்டேன் டீச்சர்."

"எத்தினி வாட்டி கேட்ட?"

"மூணு நாளும்தான். நீங்க தினம் முட்டி போட வெச்சீங்களே டீச்சர்."

கண்காட்சியில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அந்த அளவு நோட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. கலைச்செல்வி பெயருக்கு எதிரே கை நீளம் இருக்கிறது, இடுப்பு இருக்கிறது. முதுகு அகலத்தை நான் எழுதவில்லை.