கண்ணாடிக்காரர் போட்ட அறை

தெருவில் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதித்துப் பவர் எழுதிக் கொடுப்பது வேலை. நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாலும் சரி என்று எழுதிக்கொள்வார். வீட்டிலும் அதே பழக்கம். யார் எதைக் கேட்டாலும் சரி என்பார். பிறகு தனியாக உட்கார்ந்து பொருமுவார்.

அப்படி ஒரு சரியில் வந்து சேர்ந்தவன்தான் மச்சினன், மனைவியின் தம்பி. இன்டர்வியூவுக்கு வருகிறான், முடிந்ததும் போய்விடுவான் என்பதுதான் பேச்சு. இன்டர்வியூ முடிந்தது. வேலை அவனை விட்டுப் போனது. அவன் வீட்டை விட்டுப் போகவில்லை.

அவன் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். எதிர்த்துப் பேசமாட்டான். கூடத்து சோபாவில் முழு நீளத்துக்குப் படுத்து டிவி பார்ப்பான், அவ்வளவுதான். கண்ணாடிக்காரர் வேலை முடிந்து வந்தால் காலை மடக்கி, "உக்காருங்க மாமா" என்று இடம் விடுவான். அவர் உட்கார்ந்த பிறகு அந்தக் கால் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு வந்து அவர் தொடையில் முட்டி நிற்கும்.

"மாப்ள, அடுத்து என்ன பிளான்?" என்று ஒருநாள் கேட்டார்.

"பாக்கலாம் மாமா" என்றான் மச்சினன்.

இதைவிடக் கடுமையாக ஒரு மனிதனைக் கேட்க முடியாது என்று கண்ணாடிக்காரர் முடிவு செய்துகொண்டார். வாசல் பக்கத்தில், செருப்பு ஸ்டாண்டுக்கு அருகே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு செல்போனில் மூழ்கினார்.

அங்கேதான் தாடிக்காரர் அறிமுகமானார். மரவேலை சொல்லித் தரும் வீடியோக்காரர். அவருடைய பட்டறையில் ஒவ்வொரு உளிக்கும் சுவரில் தனி இடம் இருந்தது. அவர் பலகையில் ரம்பத்தை வைத்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கும். டீ ஆறுவதற்குள் ஒரு மேஜை எழுந்து நிற்கும். ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் புன்னகையோடு, "இதை யார் வேணும்னாலும் செய்யலாம், நீங்களும்தான்" என்பார். தன்னைப் பற்றி இப்படி நல்லதாக ஒரு வார்த்தை யாரும் சொல்லிக் கேட்டுப் பல காலமாகிவிட்டதால், கண்ணாடிக்காரர் அதை அப்படியே நம்பினார்.

மழைக்காலம் முழுக்கப் பார்த்தார். ஆணியை விட ஸ்க்ரூ ஏன் மேல், உப்புத்தாளை எந்தப் பக்கமாகத் தேய்க்க வேண்டும், கதவுக்குக் கீல் எங்கே வைக்க வேண்டும், எல்லாம் மனப்பாடம். ஒரு துண்டு மரத்தைக் கூடத் தொடாமல் தச்சர்களைப் பற்றி ஏளனமாகப் பேசும் நிலைக்கு வந்துவிட்டார். கடையில் சோதனைக்கு வந்தவர் மோவாயை மெஷினில் பதித்துக்கொண்டு காத்திருக்க, இவர் லென்ஸை மாற்றுவதை விட்டுவிட்டு, "ரசமட்டம் வைக்காம சட்டம் நிறுத்தினா எல்லாம் போச்சு சார்" என்பார். அவர் பாவம், தலையை ஆட்டவும் முடியாது.

ஒருநாள் தாடிக்காரர் ஒரு பெரிய அறையைப் பிளைவுட் தடுப்பு வைத்து இரண்டாக்கிக் காட்டினார். கண்ணாடிக்காரருக்கு மூளையில் விளக்கு எரிந்தது. கூடத்தின் குறுக்கே ஒரு தடுப்பு, அதில் ஒரு கதவு. சோபாவும் டிவியும் உள்ளே, தனக்கு. செருப்பு ஸ்டாண்டும் பிளாஸ்டிக் நாற்காலியும் வெளியே, மச்சினனுக்கு. படுக்க இடமில்லாதவன் எத்தனை நாள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்? தானாகப் பெட்டியைக் கட்டுவான். யாரும் யாரையும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

"ஒரு படிக்கிற ரூம் போடலாம்னு இருக்கேன்" என்றார் மனைவியிடம்.

"எதைப் படிக்கப் போறீங்க?" என்று கேட்டாள் அவள். பிறகு அவளே, "போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

டிரில், ரம்பம், பிடிப்பான்கள், ரசமட்டம் எல்லாம் வந்து இறங்கின. கண்ணுக்குப் பாதுகாப்பாக ஒரு பெரிய கண்ணாடி வாங்கித் தன் சொந்தக் கண்ணாடிக்கு மேல் மாட்டினார். இரண்டும் சேர்ந்ததில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. கழற்றவும் மனமில்லை, தாடிக்காரர் போட்டிருந்தார்.

வேலை தொடங்கியதும்தான் ஒரு விஷயம் புரிந்தது. பிளைவுட்டைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். வீடியோவில் தாடிக்காரர் தனியாகத்தான் தூக்கினார். ஆனால் நடுவில் எத்தனை இடத்தில் வெட்டி ஒட்டியிருந்தார் என்று யார் கண்டது?

"நான் பிடிக்கிறேன் மாமா" என்று சோபாவிலிருந்து எழுந்து வந்தான் மச்சினன்.

அவனை வெளியேற்றப் போகும் சுவரை அவனே சந்தோஷமாகப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணாடிக்காரருக்கு ஒரு கணம் மனம் உறுத்தியது. டிரில்லின் சத்தத்தில் அது கேட்காமல் போய்விட்டது.

வீடியோவில் பதினைந்து நிமிடத்தில் முடிந்த வேலை இங்கே விடுமுறை விடுமுறையாக இழுத்தது. தாடிக்காரர் இஞ்சில் சொன்னார், இவர் டேப்பில் சென்டிமீட்டர் பக்கத்தைப் பார்த்தார். போனை நிறுத்திப் பார்க்கலாம் என்றால் மரத்தூள் ஒட்டிய விரலைத் திரை மதிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அது ஒரு சோப்பு விளம்பரத்துக்குப் போய் நின்றது. கூரையின் உயரத்தை ஒரு ஓரத்தில் மட்டும் அளந்தார். பழைய கட்டடம், மறு ஓரத்தில் கூரை ஒரு சாண் மேலே இருந்தது. தடுப்பை நிறுத்தியபோது அந்தப் பக்கம் மேலே இடைவெளி வாயைப் பிளந்தது.

"அது என்னங்க ஓட்டை?" என்றாள் மனைவி.

"காத்தோட்டம்."

கதவுக்குத் தாழ்ப்பாளை உள்பக்கம் வைத்தார். உள்ளே இருப்பது தான்தானே? வெளிப்பக்கம் பூட்டு மாட்ட ஏற்பாடு செய்யத் தோன்றவில்லை. மேலும் அந்த வீடியோ அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

வேலை முடிந்த மறுநாள் கடையிலிருந்து சீக்கிரமாகவே கிளம்பி வந்தார். கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தட்டினார். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. போர்வையும் தலையணையுமாக மச்சினன் நின்றான்.

"போட்டுப் பார்த்தேன் மாமா. தாழ்ப்பாள் அருமையா விழுது. சத்தமே இல்ல" என்று மனதாரச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு ஒரு கம்பெனி இன்டர்வியூ. கம்ப்யூட்டர்லயே முகம் பார்த்துப் பேசுவாங்களாம். அமைதியா ஒரு இடம் வேணும். இங்கயே இருந்துக்கிறேனே?" என்றான்.

"சரி" என்றார் கண்ணாடிக்காரர்.

இந்த முறை வேலை கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்தே செய்யும் வேலை. எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை. மச்சினன் சோபாவை ஓரமாகத் தள்ளி மேஜை போட்டான், டிவியின் மேல் சட்டைகளைக் காயப்போட்டான். பகலில் உள்ளே மீட்டிங், மாலையில் உள்ளே தூக்கம். கண்ணாடிக்காரர் செருப்பு ஸ்டாண்டு ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மேலே இருந்த காற்றோட்டத்தின் வழியாக அவன் குறட்டை தெளிவாக வந்தது.

சேதி ஊரெல்லாம் பரவியது. மாமியார் போனில் தழுதழுத்தார். "சொந்தத் தம்பிக்குக் கூட இந்தக் காலத்துல யாரும் செய்யமாட்டாங்க. மச்சினனுக்குத் தன் கையாலயே தனி ரூம் போட்டுக் குடுத்திருக்கீங்களே மாப்பிள்ளை."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தே" என்றார் அவர். அவர் வாழ்க்கையில் சொன்ன அப்பட்டமான உண்மைகளில் அது ஒன்று. அத்தை அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

போனை வைத்ததும் மனைவி எதிரே வந்து நின்றாள்.

"எதுக்காக இந்த ரூம் போட்டீங்க? நெசத்தைச் சொல்லுங்க."

மென்று விழுங்கிச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"அவனைப் போகச் சொல்றதுக்கா? வாயால சொல்லியிருக்கலாமே. நான் அக்கா, நான் சொன்னா எங்கம்மா ஆயுசுக்கும் பேசமாட்டாங்க. நீங்க சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். நீங்க என்னடான்னா பலகை வாங்கிட்டு வர்றீங்க."

"உனக்கும் அவன் போகணுமா?"

"ரெண்டு ஆளுக்குச் சமைச்ச கை மூணு ஆளுக்குச் சமைக்குது. எனக்கு மட்டும் ஆசையா? இப்பவாவது போய்ச் சொல்லுங்க. சம்பளம் வருதுல்ல, தனியா ஒரு வீடு பாத்துக்கட்டும்."

கண்ணாடிக்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

கதவு திறந்தது. மச்சினன் மீட்டிங்கில் இருந்தான். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக முகங்கள்.

"இதோ, இவர்தான் எங்க மாமா" என்று கேமராவை அவர் பக்கம் திருப்பினான். "பின்னாடி இருக்கே, அந்த மரச்சுவர், இவர் போட்டதுதான்."

முகங்கள் கை தட்டின. ஒரு பெண், "நாங்க எல்லாரும் டிசைனர் யாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தோம் சார்" என்றாள். இன்னொருவர், "மேல அந்த இடைவெளி வேணும்னே விட்டதா சார்? ரொம்ப மாடர்னா இருக்கு" என்றார்.

கண்ணாடிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடைவெளியின் அவசியம், ரசமட்டத்தின் மகிமை, இஞ்சுக்கும் சென்டிமீட்டருக்கும் உள்ள உறவு எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக எடுத்துரைத்தார். மீட்டிங் எதற்காகக் கூடியதோ அது பேசப்படவே இல்லை. முடிவில், தாடிக்காரரின் அதே புன்னகையோடு, "யார் வேணும்னாலும் செய்யலாம்" என்றார்.

அவர் வெளியே வந்தபோது மனைவி அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"நிறையப் பேர் இருந்தாங்க. சந்தேகம் கேட்டாங்க. பாதியில விட்டுட்டு வர முடியல."

அவள் தம்பியின் அறைக் கதவை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "எனக்கும் ஒரு ரூம் போட்டுக் குடுங்க" என்றாள்.

"உனக்கு எதுக்கு?"

"நீங்க ரெண்டு பேரும் இல்லாத இடத்துல கொஞ்ச நேரம் உக்காரணும்."

அவருக்கு அதில் வாடிக்கையாளரின் குரல் மட்டும்தான் கேட்டது. முகம் மலர்ந்து டேப்பைத் தேடினார். படுக்கையறையில் ஜன்னல் இருந்த பாதி அவளுக்கு என்று முடிவானது. இந்த முறை கூரையை இரண்டு ஓரத்திலும் அளந்தார். தரைதான் சரிவாக இருந்தது. மச்சினன் மீட்டிங் இல்லாத நேரங்களில் வந்து பலகை பிடித்தான். எல்லாம் நின்ற பிறகு கதவு மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் தரையைப் பிறாண்டியது. அவர் கடைக்குப் போயிருந்த ஒரு பகலில் மனைவி தச்சர் ஒருவரை வரவழைத்தாள். வந்தவர் அந்தக் கதவைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு கதவு செய்து மாட்டிவிட்டுப் போனார். ஒரு விரலால் தள்ளினால் போதும், வந்து பொருந்திக்கொள்ளும்.

கதவு மாறியதைக் கண்ணாடிக்காரர் இன்று வரை கவனிக்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் நேராக அழைத்துப் போய், பெருமையோடு திறந்து மூடிக் காட்டுவது அந்தக் கதவைத்தான்.