காளிமுத்து அண்ணனைச் சுமந்து இறங்கிய சாயங்காலம்

பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுகிற ஆள் நான். லேபர் கேம்ப்பில் கரண்ட் போன நேரங்களில் ஆளாளுக்குக் கதை விடுவார்கள், கட்டடத்திலிருந்து விழுந்து செத்தவன் இன்னும் நைட் டூட்டிக்கு வருகிறான் என்பார்கள். செத்தவனுக்கு ஓவர்டைம் போடுகிறார்களா என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான், ஒரே ஒரு சாயங்காலத்தைத் தவிர. அதைச் சொன்னால் என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவீர்கள், தெரியும். சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பேய் மேல் கோபம் கிடையாது. கோபமெல்லாம் ஒரு மனுஷன் மேல்தான், அவனை விட்டுவிட்டு இதைச் சொல்ல முடியாது.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் சில வருஷம் துபாயைத் தாண்டி ராஸ் அல் கைமாவில், மலையடிவாரத்தில் ஒரு பேரீச்சந் தோட்டத்தில் வேலை பார்த்தேன். கூட இருந்தவர் காளிமுத்து அண்ணன், சமையல்காரர். ரெண்டு பேருக்கும் ஊர் சிவகங்கைப் பக்கம். அதற்கு முன்னால் ஷார்ஜா மார்க்கெட்டில் ஒன்றாக மூட்டை தூக்கியவர்கள். அவர் ஆள் மலை மாதிரி இருப்பார், நூறு கிலோவுக்குக் குறையாது. அங்கே முதலாளியை அர்பாப் என்போம். எங்கள் பெரிய அர்பாப் நல்ல மனுஷர், அதை மறைக்க மாட்டேன். அவருடைய மகன், சின்ன அர்பாப், அவன்தான் பிரச்சினை. வேட்டைப் பைத்தியம். மலையில் இருக்கிற காட்டாட்டைச் சுடக்கூடாது என்று அப்போதே சட்டம் இருந்தது, அவனுக்கு என்ன சட்டம்.

அந்த வருஷம் கம்ப்யூட்டரில் எதையோ படித்துவிட்டான். வெள்ளைக்காரன் வேட்டைக்குப் போகும்போது பையின் எடையை எப்படிக் குறைக்கிறான் என்று. அன்றிலிருந்து வாயைத் திறந்தால் எடை, எடை. புல்லுக்கட்டு நிறுக்கிற ஸ்பிரிங் தராசை ஷெட் வாசலில் மாட்டி, பைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுப் பார்த்தான். அவன் பையையும் கூட வரப்போகிற கூட்டாளி பையையும் அல்ல, எங்கள் பையை. மலையில் அவர்கள் துப்பாக்கியோடு கையை வீசிக்கொண்டு நடப்பார்கள், சாமானெல்லாம் எங்கள் முதுகில்தானே.

"ஹாதா மாஃபி லாஸிம்," என்றான், இது தேவையில்லை என்று. என் போர்வை போனது. அண்ணனின் ஊறுகாய் பாட்டில் போனது, முழங்கால் தைலம் போனது. மாற்றுச் சட்டை போனது. மேலே டவர் கிடைக்காது, எதற்குக் கல்லைச் சுமக்கிறாய் என்று என் மொபைலை வாங்கி ஜீப்பில் வைத்தான். பல் துலக்குகிற பிரஷ்ஷைக்கூட விடவில்லை, பாதியாக ஒடித்துப் பையில் போட்டான். பெருமையாகச் சிரிக்கவேறு செய்தான்.

அண்ணன் என் காதில் சொன்னார், "பல்லையும் பாதி பாதியா ஒடச்சுக்கச் சொல்லுவான் பாரு. அதுலயும் வெயிட்டு இருக்குல்ல."

"அவன் தொப்பைய எறக்கி ஜீப்புல வச்சாலே போதும்ணே," என்றேன்.

"மெதுவாச் சொல்லுடா, தமிழ் தெரிஞ்சாலும் தெரியும். தொப்பைக்கு எந்த மொழியும் புரியும்."

கடைசியாகத் தண்ணீரில் கை வைத்தான். தண்ணீர்தான் எல்லாவற்றையும்விடக் கனம், கம்ப்யூட்டரில் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். "உப்பர் பானி ஹை, கலாஸ்," என்றான். மேலே சுனை இருக்கிறது, பேச்சு முடிந்தது. எங்கள் கேன்களை இறக்கிவிட்டு ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்தான். அந்த எடை மிச்சமானதும் எங்கள் பையில் என்ன ஏறியது தெரியுமா? அரபிக் காப்பி போடுகிற பித்தளைக் காவா ஜாடி, அதற்குக் கரி, மடக்கு நாற்காலி ஒன்று. வேட்டைக்காரர் உட்கார வேண்டாமா.

வெயில் காலம் தொடங்கிவிட்டிருந்தது. விடியும்போதே ஏறினோம். அந்த மலையில் மரம் கிடையாது, நிழல் கிடையாது, பாறை தோசைக்கல் மாதிரி. வழியெல்லாம் பழைய காலத்துக் கல்வீடுகள், ஆள் இல்லாமல், கூரை சரிந்து கிடக்கும். மதியத்துக்கு முன்னால் ஒரு ஆட்டைச் சுட்டுவிட்டார்கள். சந்தோஷத்தில் ஆகாயத்தைப் பார்த்து இன்னும் ரெண்டு வெடி வைத்தான். அதன் கறியும் எங்கள் பையில்தான் ஏறியது. சுனைக்குப் போனால் சுனையில் காய்ந்த சேறும் ஆட்டுப் புழுக்கையும். அவன் குனிந்து பார்த்தான், கையை உதறினான், அவ்வளவுதான். ஒரு வருத்தம்கூட முகத்தில் இல்லை.

"நாங்க முன்னாடி போறோம், வண்டியைக் கிட்டக் கொண்டுவரோம், நீங்க மெதுவா வாங்க," என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, அண்ணன் பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்ததே, அதையும் எடுத்துக்கொண்டு கொம்புத் தலையோடு இறங்கிப் போய்விட்டான்.  

கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம். அண்ணனுக்கு வேர்ப்பது நின்றுவிட்டது. உடம்பைத் தொட்டால் கொதிக்கிறது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார், லாரி வந்துருச்சுடா, மூட்டையை எறக்கு என்றார். பிறகு ஒரு பாறையோரம் அப்படியே சரிந்தார். கண் மேலே சொருகிவிட்டது. நான் கத்தினேன், அர்பாப், அர்பாப் என்று தொண்டை கிழியக் கத்தினேன். மலைதான் திருப்பிக் கத்தியது.

அப்போது எனக்கு வந்த வெறி இருக்கிறதே. ரெண்டு பையையும் அவிழ்த்து, காவா ஜாடியைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்தேன், அது ஒவ்வொரு பாறையிலும் மோதி மணி அடித்துக்கொண்டே போனது. கரி, கறி, நாற்காலி எல்லாவற்றையும் எறிந்தேன். எடை குறைக்கணுமாடா, இந்தா குறைச்சுக்கோ என்று ஊர்க்கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி எறிந்தேன். அண்ணன் காலில் இரும்பு வைத்த கம்பெனி ஷூ, அதுவும் கனம் என்று கழற்றி எறிந்தேன். பிறகு அவரைப் பாறையில் சாய்த்து உட்காரவைத்து, நான் முன்னால் குந்தி, அவர் கை ரெண்டையும் என் தோளுக்கு மேலாக இழுத்து, மணிக்கட்டைத் தலைத்துண்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டு எழுந்தேன்.

இங்கிருந்துதான் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

எழுந்தேன், எழுந்துவிட்டேன். நூறு கிலோ ஆள். என் எடை அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. காலையிலிருந்து சாப்பாடு இல்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளையைத் தூக்கிய மாதிரி எழுந்துவிட்டேன். முதலில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை, கோபத்தில் பலம் வந்திருக்கிறது என்று நினைத்தேன். பாதிச் சரிவு இறங்கியும் மூச்சு வாங்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. யாரோ பின்னாலிருந்து அவர் இடுப்புக்குக் கீழே கை கொடுத்துத் தாங்கிக்கொண்டு வருகிற மாதிரியே இருந்தது. மூட்டை தூக்கியவனுக்கு அது தெரியும். முழுப் பாரம் வேறு, இன்னொருத்தன் பங்கு போட்ட பாரம் வேறு.

திரும்பிப் பார்க்க முடியாது. ஒரு அடிக்கு மேல் அகலமில்லாத பாதை, ஒரு பக்கம் பள்ளம். ஆனால் பின்னால் காலடி கேட்டது. பின்னாலிருந்து சின்னக் கற்கள் பெயர்ந்து என் கால் பக்கமாக உருண்டு முன்னே போயின. கழுத்தில் மூச்சு பட்டது. அண்ணன் உடம்பு கொதித்துக்கொண்டிருந்ததே, அந்த மூச்சு சில்லென்று இருந்தது, ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி.

"அண்ணே, தூங்கிராதண்ணே, பேசிக்கிட்டே வாண்ணே," என்றேன்.

"ம்," என்று சத்தம் வந்தது. அவர் குரல்தான். ஆனால் என் காதருகிலிருந்து வரவில்லை. அவர் தலை என் தோளில் கிடக்கிறது, குரல் ரெண்டு மூணு அடி பின்னாலிருந்து வருகிறது.

நான் நடந்துகொண்டே இருந்தேன். எதிரே கடல் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, கீழே ஊரில் மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். மண் ரோடு தெரிந்தது. அங்கே ஒரு தண்ணீர் டேங்கர் நின்றது, அர்பாபின் ஜீப் இல்லை. ரோட்டில் கால் வைத்தேனோ இல்லையோ, என் முதுகிலிருந்த உடம்பின் மேல் பின்னாலிருந்து டப், டப் என்று ரெண்டு தட்டு விழுந்தது.

இது என்னவென்று சொல்கிறேன். மார்க்கெட்டில் மூட்டையை ஒருத்தன் முதுகில் ஏற்றும்போது பின்னால் தூக்கிக் கொடுக்கிறவன், தான் கையை எடுக்கும்போது மூட்டையை ரெண்டு தட்டு தட்டுவான். இனிமேல் பாரம் உன்னுது என்று அர்த்தம். தட்டாமல் கையை எடுத்தால் கீழே இருப்பவன் இடுப்பு ஒடியும். ஷார்ஜாவில் என் முதுகில் ஏற்றிவிடுகிறவர் எப்போதும் காளிமுத்து அண்ணன்தான். அந்தத் தட்டு எனக்குத் தூக்கத்திலும் தெரியும், ரெண்டாவது தட்டு கொஞ்சம் பலமாக விழும்.

தட்டியதும் முழு எடையும் இறங்கியது. முகங்குப்புற மண்ணில் போய் விழுந்தேன். டேங்கர் ஓட்டிய பட்டான் ஓடி வந்து என் மேல் கிடந்த அண்ணனைப் புரட்டி எடுத்து, குழாயைத் திறந்து ரெண்டு பேர் மேலேயும் தண்ணீரை அடித்தான். அந்தப் பட்டான் மட்டும் இல்லையென்றால் அண்ணன் இல்லை. என் மேல் அண்ணன் கிடந்ததை அவன் பார்த்தான், அவனே கையால் தூக்கினான், இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் மறுநாள் மலையாள நர்ஸ் ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் சேட்டா, சுகமில்லாத ஆளை செருப்பில்லாமலா மலையில நடத்திக் கொண்டு வந்தது? நீங்க மனுஷர்தானா?"

"நடக்கவே இல்ல சிஸ்டர், நான் தூக்கிட்டு வந்தேன்," என்றேன். போர்வையை விலக்கிக் காட்டினாள். அண்ணனின் உள்ளங்கால் ரெண்டும் கிழிந்து நார்நாராக இருந்தது. முள்ளைப் பிடுங்கித் தட்டில் போட்டிருந்தார்கள், கல் துணுக்கெல்லாம் இருந்தது. 

அண்ணன் தெளிந்து பேச ஆரம்பித்ததும் கேட்டேன். அவர் என்னைத்தான் திட்டினார்.

"ஏண்டா செல்வம், எத்தன தடவ கூப்பிட்டேன், திரும்பியே பாக்கலயே நீ."

"நீ என் முதுகுலல்லண்ணே இருந்த."

"நானா? கண்ணு முழிச்சுப் பாத்தா நீ எவனையோ தூக்கி முதுகுல கட்டிக்கிட்டுப் போயிட்டிருக்க. என்னை விட்டுட்டு எவனத்தாண்டா தூக்கிட்டுப் போற-ன்னு கத்திக்கிட்டே பின்னாடி வந்தேன். வெறுங்காலு, உயிர் போகுது. நீ தள்ளாடுனியா, சரின்னு அவனுக்குக் கீழ கை குடுத்தேன். ரோட்டுல வந்துதான் தட்டிவிட்டேன். அதுக்கு மேல தெரியல."

"ஆளு யாருண்ணே?"

"மூஞ்சி உன் தோளுல அந்தப் பக்கம் கெடந்துச்சு, பாக்கல. நல்ல வெயிட்டுடா. என்னால தாங்க முடியல."

வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். எனக்கும் கலங்கியிருக்கலாம். உள்ளங்காலுக்கு என்ன பதில் என்று கேட்டேன், டாக்டர் அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார்.

சின்ன அர்பாப் சாயங்காலம் வந்தான். பெட்டில் கிடக்கிறவரைப் பார்க்கவில்லை. காவா ஜாடி எங்கே என்றான், அவன் தாத்தா காலத்து ஜாடியாம். மேலே இருக்கிறது, நீயே போய் எடுத்துக்கோ, கனமாக இருக்கும் என்று தமிழிலேயே சொன்னேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, ரெண்டு பேருக்கும் விசா கேன்சல். பிறகு நான் வேறு கம்பெனியில் அபுதாபிப் பக்கம் ருவைஸுக்கு வந்து சேர்ந்தேன். அண்ணன் திரும்பி வரவில்லை, ஊரில் டிராக்டர் ஓட்டுகிறார்.

அந்த மனுஷன் நல்லாத்தான் இருக்கிறார். பேரன் பேத்தி எடுத்துவிட்டார், ஞாபகமெல்லாம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் எப்போது போன் பண்ணினாலும், மழை, விலைவாசி, எல்லாம் பேசி முடித்து வைக்கப்போகும்போது, குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைக் கேட்கிறார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பதில் வேண்டும் என்று கேட்கிறார்.

"டேய் செல்வம், அந்த ஆள எங்கடா எறக்கிவிட்ட?"

நான் யாரையும் இறக்கிவிடவில்லை.